ஏழு வயதுப் பிள்ளைக்குக் கூடைப்பந்துப் பயிற்சி: கோவையில் எங்கே சேர்ப்பது?

4 பிப்ரவரி 2024, காலை. கேள்வி: வடவள்ளியிலிருந்து ஒரு வாசகி

என் மகனுக்கு வரும் ஜூன் மாதத்தில் ஏழு வயது முடிகிறது. கூடைப்பந்து கற்க வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறான். வீட்டுக்கு அருகில் ஓர் அகாடமி இருக்கிறது. மாதம் 3,000 ரூபாய், சீருடைக்குத் தனியாக 1,800 ரூபாய். அங்கே பயிற்சி தருபவர் மாநில அணிக்கு ஆடியவர் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் மாலையில் ஒரு மணி நேரம் இலவசமாகக் கற்றுத் தருகிறார்; ஆனால் அவர் பெரிய வகுப்புப் பிள்ளைகளைத்தான் கவனிக்கிறார் என்று கேள்வி. இரண்டில் எது சரி? நல்ல பயிற்சியாளரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பந்தைத் தொட்டதில்லை.

4 பிப்ரவரி 2024, இரவு. பதில்

பலகையைப் பார்க்காதீர்கள், வளையத்தைப் பாருங்கள். அது எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, பிள்ளையின் கையில் எந்த எண் பந்தை (எண் கூடினால் பந்து பெரிது) கொடுக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் அந்தப் பந்து எத்தனை முறை பிள்ளையின் கைக்கு வருகிறது என்ற மூன்றையும் ஒரே மாலையில், சேர்வதற்கு முன்பே, ஓரமாக உட்கார்ந்து தெரிந்துகொள்ளலாம்.

நான் அப்படிச் செய்யாமல் கையைச் சுட்டுக்கொண்டவன். 2022இல் மகளுக்கு ஆறரை வயதானபோது, நகரில் பெயர்பெற்ற ஓர் இடத்தில் மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிச் சேர்த்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் எல்லோரும் பதின்மூன்று வயதுக்கு மேல் சேர்ந்தவர்கள் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். சின்னப் பிள்ளைகள் இருபத்தாறு பேருக்கு ஒரு வளையம், நான்கு பந்து. இன்னொரு வளையத்தைப் பெரியவர்கள் வைத்திருந்தார்கள். ரேஷன் கடை வரிசையைப் போல நின்று, முறை வந்ததும் ஒருமுறை எறிந்துவிட்டு, ஓடிப்போய் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவது வாரத்தில் சுற்றுச்சுவர் மீது உட்கார்ந்து, பெட்ரோல் போட்ட ரசீதின் பின்புறத்தில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். அறுபது நிமிடங்களில் மகள் வளையத்தை நோக்கி எறிந்தது ஒன்பது முறை. ஒன்பதில் ஒன்றுகூட வளையத்தைத் தொடவில்லை. இரண்டு மட்டும் வலையின் நுனியைத் தடவிவிட்டுக் கீழே விழுந்தன.

வளையம் பத்தடி உயரத்தில் இருந்தது, பந்து 7ஆம் எண். நான்கடி உயரப் பிள்ளைக்குப் பத்தடி வளையம் என்பது, ஆறடி ஆளுக்குப் பதினைந்து அடியில் வளையத்தை மாட்டுவதற்குச் சமம். 7ஆம் எண் பந்து ஏறக்குறைய 600 கிராம். அப்போது என் மகளின் எடை 22 கிலோ. அதே விகிதத்தில் பார்த்தால், எழுபது கிலோ எடையுள்ள நான் ஏறக்குறைய இரண்டு கிலோப் பந்தைப் பதினைந்து அடிக்கு எறிய வேண்டும். அப்படி ஒரு விளையாட்டு இருந்தால் நான் மூன்றாம் நாளே வயிற்று வலி என்று படுத்துக்கொள்வேன். மகளும் அதைத்தான் செய்தாள்.

5 பிப்ரவரி 2024

ஒரு திருத்தம். நேற்று எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். பந்து 7ஆம் எண் இல்லை, 6ஆம் எண் என்கிறாள். காற்றடிக்கும் துளைக்குப் பக்கத்தில் எண் அச்சிட்டிருந்ததாம், வரிசையில் நிற்கும்போது அதைப் படிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லையாம். 6ஆம் எண் என்றால் பெண்கள் ஆடும் பந்து, ஐந்நூறு கிராமுக்குச் சற்று மேலே. என் இரண்டு கிலோக் கணக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்குகிறது. வயிற்று வலி நீடிக்கிறது.

9 பிப்ரவரி 2024

வளையத்தைத் தாழ்த்தினால் பிள்ளை பிற்பாடு பத்தடிக்குப் பழகமாட்டாள், ஆரம்பத்திலிருந்தே கஷ்டப்பட்டால்தான் கை வலுப்படும் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். என் மாமனாரும் இதையே சொன்னார். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பத்தடி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத தன் மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்து விளிம்பில் ஆணியடித்து மாட்டச் செய்தார். அந்த விளிம்பு தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். மாடம் எட்டடியில் இருந்திருந்தால் இன்று உலகம் முழுவதும் எட்டடியாக இருந்திருக்கலாம். எறிந்து பார்த்தவர்களும் வளர்ந்த ஆண்கள். ஏழு வயதுப் பிள்ளை அந்தக் கணக்கில் வரவே இல்லை.

பிள்ளைகளுக்கென்று ஒரு கணக்கை 1950ஐ ஒட்டிப் பென்சில்வேனியாவில் ஜே ஆர்ச்சர் என்ற ஆசிரியர் தொடங்கினார். மினி பாஸ்கெட்பால் என்று இன்று உலகம் முழுவதும் பரவியிருப்பது அதன் வழிவந்ததே. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான அந்த ஆட்டத்தில் வளையம் 2.60 மீட்டரில், அதாவது எட்டரை அடியில் இருக்கும், பெரியவர்களுக்கு 3.05 மீட்டர். பந்து 5ஆம் எண். தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு கிடையாது. அமெரிக்காவில் 2018இல் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.பி.ஏ.வும் அந்நாட்டுக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில், ஏழு எட்டு வயதுக்கு எட்டடி, ஒன்பது முதல் பதினொன்று வரை ஒன்பதடி, அதற்குப் பிறகுதான் பத்தடி என்று பிரித்திருக்கிறார்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்த நாட்டுக்காரர்களே வளையத்தை இறக்கும்போது, கோவையில் நாம் மட்டும் ஏன் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கை வலுப்படும் என்ற வாதத்துக்கு வருகிறேன். எட்டாத உயரத்துக்கு எறியும் பிள்ளையின் உடம்பு என்ன செய்கிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பந்தை வலது இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், முதுகை ஒருபக்கமாகத் திருகி, மூச்சை அடக்கி, கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கி வீசுவதுபோல இரண்டு கையாலும் வீசும். கை வலுப்படுகிறதோ இல்லையோ, அந்த வீச்சு ஆயிரம் முறை பதிந்துவிடும். பிறகு அதை அழித்து எழுத வேண்டும். எறிவதில் இன்று உலகப் புகழ்பெற்ற ஸ்டீஃபன் கறி உயர்நிலைப் பள்ளி வரையிலும் பந்தை இடுப்பு உயரத்திலிருந்து எடுத்துத்தான் எறிந்தார். அவர் தந்தை டெல் கறி, தாமே என்.பி.ஏ. ஆட்டக்காரர், ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்காரவைத்து அதை மாற்றினார். அந்த விடுமுறையைப் பற்றி இருவருமே மகிழ்ச்சியாகப் பேசுவதில்லை. அவர் வீட்டில் டெல் கறி இருந்தார். நம் வீட்டில் நாம் இருக்கிறோம்.

10 பிப்ரவரி 2024

மாமனார் படித்துவிட்டார். இனி அவரைப் பற்றி எழுதமாட்டேன்.

18 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் மறுபடியும் கேட்டிருப்பது: “என்.ஐ.எஸ். முடித்தவரா என்று விசாரிக்கச் சொல்கிறார்களே, அது முக்கியமா?”

என்.ஐ.எஸ். என்பது பாட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம். அங்கே பயிற்சியாளர் பட்டயம் பெற்றவருக்கு நம் ஊரில் தனி மரியாதை உண்டு, அது நியாயமானதும்கூட. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது, ஓராண்டுப் பட்டயமும் இருக்கிறது, இரண்டையும் ‘என்.ஐ.எஸ்.’ என்றே சொல்லிக்கொள்வார்கள் என்பதால் எது என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தாளைவிட, அவர் எத்தனை ஆண்டுகளாகப் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கற்றுத் தருகிறார் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். பெரிய அணிகளைத் தயார் செய்தவர்கள் பலருக்குச் சின்னப் பிள்ளைகளைக் கண்டால் பொறுமை போய்விடுகிறது, ஷூ கயிறு அவிழ்ந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து “டிஃபென்ஸ் எங்கே?” என்று கத்துவார்கள்.

பள்ளி ஆசிரியரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கூடைப்பந்து பிறந்ததே ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில்தான்; ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்துதான் தமிழ்நாட்டுப் பி.டி. மாஸ்டர்களில் ஒரு பெரிய பரம்பரையே கிளம்பியது. உங்கள் மகனின் ஆசிரியர் பெரிய வகுப்பை மட்டும் கவனிக்கிறார் என்பது செவிவழிச் செய்திதானே? ஒரு மாலை நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. பெற்றோர் பயிற்சியைப் பார்க்கக் கூடாது, வாசலில் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்று விதி வைத்திருக்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம். கவனம் சிதறும் என்று காரணம் சொல்வார்கள். சிதறட்டும். போக்ஸோ சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. ஆனாலும் உடை மாற்றும் அறைக்குப் பொறுப்பு யார், பெண் உதவியாளர் உண்டா என்று கேட்டால் இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முகம் சுளித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

3 மார்ச் 2024

முதல் நாள் எழுதியதில் ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பந்து எத்தனை முறை கைக்கு வருகிறது என்று எண்ணச் சொன்னேன். எண்ணிக்கை மட்டுமே போதும் என்று நம்பித்தான் இரண்டாவது முறையும் ஏமாந்தேன் என்பதை அப்போது எழுதாமல் விட்டது, இப்போது யோசித்தால், கொஞ்சம் வெட்கத்தினால்தான்.

2023இல் மகளை மாற்றிய இரண்டாவது இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பந்து. 5ஆம் எண், புதியது. நான் மகிழ்ந்துபோனேன். ஒரு மணி நேரத்தில் நானூறு முறைக்கு மேல் தரையில் தட்டுகிறாள் என்று நண்பர்களிடமெல்லாம் சொன்னேன். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து அவற்றினிடையே வளைந்து வளைந்து தட்டிக்கொண்டு போவது, திரும்பி வருவது, இரண்டு பந்தை ஒரே நேரத்தில் தட்டுவது, டென்னிஸ் பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இதைத் தட்டுவது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. காணொளி எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். உண்மையில் அதற்காகத்தான் செய்தார்கள் என்றும் பிறகு தோன்றியது.

ஐந்து மாதம் கழித்து, எங்கள் குடியிருப்பில் நான்கு பிள்ளைகள் சும்மா ஆடிக்கொண்டிருந்தபோது மகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பந்து கைக்கு வந்ததும் அவள் அழகாகத் தட்டினாள். தலை குனிந்தே இருந்தது. எதிரே ஒரு பையன் வந்து நின்றான். கூம்பு நகராது, பையன் நகர்ந்தான். அவள் பந்தை இரு கையாலும் அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இரண்டடி தள்ளி அவள் தோழி வெறுங்கையோடு, யாரும் தடுக்காமல், “இங்கே, இங்கே” என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் மகள் காதில் விழவே இல்லை.

எண்ண வேண்டியது தட்டுவதை அன்று; முடிவெடுப்பதை. தருவதா, எறிவதா, தட்டிக்கொண்டு போவதா என்று பிள்ளை தானாக ஒரு முடிவு எடுக்கும் தருணம் ஒரு மணி நேரத்தில் எத்தனை வருகிறது என்று பாருங்கள். இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று சின்னச் சின்ன ஆட்டம் வைக்கும் இடத்தில் அது தானாகவே வரும். ஐவருக்கு ஐவர் முழுக் கோர்ட்டில் ஆடவிட்டால், இரண்டு கெட்டிக்காரப் பையன்கள் ஆட, மற்ற எட்டுப் பேரும் 28 மீட்டர் மேலும் கீழும் ஓட்டப் பயிற்சி செய்வார்கள்.

கூம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து நிமிடம் கூம்பு, முப்பது நிமிடம் ஆட்டம் என்றால் என் கையாலேயே கூம்பு வாங்கித் தருவேன்.

22 மார்ச் 2024

வளையத்தைத் தாழ்த்திய இடம் எங்குமே கிடைக்கவில்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் கிடைக்கவில்லை. நான் செய்தது இதுதான்: கணபதியில் நண்பர் ஒருவரின் லேத் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்யச் சொன்னேன். உள்விட்டம் 45 சென்டிமீட்டர் என்று தாளில் எழுதிக் கொடுத்தும், அவர் பம்பு உதிரிபாகக் கணக்கில் எல்லாவற்றுக்கும் வெளிவிட்டம் பார்த்தே பழகியவர் என்பதால் அதையே வெளிவிட்டமாக வைத்து வெல்டிங் வைத்துவிட்டார். 5ஆம் எண் பந்தின் குறுக்களவு 22 சென்டிமீட்டர்தான் என்பதால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. பின்னால் ஒரு தகடு, அதில் நான்கு துளை. மொட்டை மாடிப் படிக்கட்டுச் சுவரில் ஏழரை அடியில் போல்ட் போட்டு முடுக்கினேன். மொத்தச் செலவு 1,100 ரூபாய், அதில் வலை 150.

முதல் நாள் மாலை மகள் நாற்பது முறை எறிந்து பதினொரு முறை உள்ளே போட்டாள். பன்னிரண்டாவதும் விழுந்தது என்று அவள் சொல்கிறாள். அது சுவரில் பட்டு வந்தது.

இரண்டு வாரத்தில் நான் எதுவும் சொல்லாமலே பந்து இடுப்பிலிருந்து நெற்றிக்கு ஏறியது. முழங்கை உள்ளே வந்தது. எறிந்தபின் மணிக்கட்டு, குழாயிலிருந்து நீர் சொட்டுவதுபோலத் தொங்கி நின்றது. இதைத்தான் அந்த முதல் இடத்தில் மூன்று மாதம் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பயிற்சியாளர் தவறாக எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்னதைச் செய்ய முடியாத உயரத்தில் வளையம் இருந்தது.

19 மே 2024, பெரியகுளத்திலிருந்து

விடுமுறைக்கு மனைவியின் ஊருக்கு வந்திருக்கிறோம். மே மாதம் பெரியகுளம் வந்தால் இரவு எங்கே போவது என்று யாரும் கேட்பதில்லை. அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி, மின்னொளியில், ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கும். பல தலைமுறைகளாக நடப்பது. முறுக்கு விற்பவருக்கு டிராவலுக்கும் (பந்தைத் தட்டாமல் கூடுதல் காலடி வைப்பது) டபுள் டிரிபிளுக்கும் (தட்டி நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவது) வித்தியாசம் தெரிந்த ஊர் தமிழ்நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும். கோவைக்காரன் என்பதால் எங்கள் ஊரில் நடக்கும் பி.எஸ்.ஜி. கோப்பைப் போட்டியையும் சேர்த்துக்கொள்ள மனம் இழுக்கிறது, ஆனால் அங்கே முறுக்குக்காரரோடு நான் பேசிப் பார்த்ததில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. மகள் பயிற்சிக்குப் போய் இரண்டாண்டு ஆகிறது, நான் அவளை ஒரு முழு ஆட்டத்தைப் பார்க்க அழைத்துப் போனதே இல்லை. கைப்பேசியில் நறுக்கிய துண்டுகளைத்தான் பார்த்திருக்கிறாள். அதில் எல்லோரும் எறிவார்கள், எல்லாம் விழும். இங்கே முதல் இரவு, பந்து இல்லாத ஆட்டக்காரர்கள் ஓயாமல் இடம் மாறுவதைக் கண்டு, “அந்த அண்ணாவிடம் பந்தே இல்லை, எதற்கு ஓடுகிறார்?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், “அவன் ஓடுனாத்தாம்மா இவனுக்கு வழி கிடைக்கும்” என்றார். நான் கட்டிய கட்டணங்களில் கிடைக்காத பாடம்.

உங்கள் மகனை எங்கே சேர்ப்பது என்று முடிவாகும் வரை, ஆட்டம் பார்க்க அழைத்துப் போங்கள்.

16 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பள்ளி ஆசிரியரை நேரில் பார்த்தாராம்; சின்னப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்தால் வாரம் இரண்டு நாள் தனியாக முக்கால் மணி நேரம் ஒதுக்குவதாகச் சொன்னாராம். எட்டுப் பேரைச் சேருங்கள். 5ஆம் எண் ரப்பர்ப் பந்து நான்கு வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தாலும் அகாடமியின் ஒரு மாதக் கட்டணத்தைப் பெரிதாகத் தாண்டாது. வளையத்தை இறக்க முடியாவிட்டால், வலைப்பந்து (நெட்பால்) கம்பம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் பத்தடிதான் என்று அவர் சொன்னால், சுவரில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள்.

இன்னொருவர், ஏழு வயதில் தொடங்குவதே தாமதமா என்று கேட்டிருக்கிறார். இல்லை. கனடாவின் ஸ்டீவ் நாஷ் பன்னிரண்டு பதின்மூன்று வயதுவரை கால்பந்தும் ஐஸ் ஹாக்கியும் ஆடிக்கொண்டிருந்தவர், என்.பி.ஏ.வின் சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டு முறை வாங்கினார். நான் மேலே சொன்ன அமெரிக்கப் பரிந்துரைகளும் பதினான்கு வயதுவரை ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம் என்றே சொல்கின்றன. நம் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கும் ஏழாம் வகுப்பிலிருந்துதான் தேர்வு. அதுவரை உங்கள் மகன் நீந்தட்டும், மரம் ஏறட்டும்.

பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த ஆட்டம் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: அனிதா பால்துரை, சென்னை, முன்னாள் இந்திய அணித் தலைவர், பிள்ளை பெற்றபின்னும் நாட்டுக்காக ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ.

11 ஆகஸ்ட் 2024

இன்று பிள்ளைகளுக்கான ஒரு சிறு போட்டிக்குப் போயிருந்தோம். நடுவராக நின்ற கல்லூரிப் பையனுக்கு விதியே தெரியவில்லை. எதிரணிப் பையன் ஓடிவந்து பந்தைப் பிடித்து மூன்று காலடி வைத்து லே-அப் (வளையத்தருகே துள்ளிப் பந்தை உள்ளே போடுவது) போட்டான், கண்ணெதிரே டிராவல், விசில் இல்லை. நான் எழுந்து நின்று சொன்னேன். அவன் சிரித்தான். பிள்ளைகளுக்குத் தப்பான விதியைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

12 ஆகஸ்ட் 2024

மூக்கை உடைத்துக்கொண்டேன். மகளின் இப்போதைய பயிற்சியாளரிடம் காலையில் முறையிட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார்: 2017இல் சர்வதேச விதி மாறிவிட்டது. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும் கணத்தில் தரையில் இருக்கும் பாதம் கணக்கில் வராது, அது பூஜ்யம். அதற்குப் பிறகு இரண்டு. நான் கல்லூரியில் ஆடியது 1998இல். நடுவர் சரி, பையன் சரி, எழுந்து நின்றவன்தான் தப்பு. மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன். ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொன்னேனே தவிர, எழுந்து நிற்கச் சொல்லவில்லை என்று எனக்கே நினைவூட்டிக்கொள்ள.

29 செப்டம்பர் 2024

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

மகள் இப்போது இருக்கும் மூன்றாவது இடம் நல்ல இடம். பன்னிரண்டு பேர், வாரம் மூன்று நாள். பாதி நேரம் மூவருக்கு மூவர். வளையத்தைத் தாழ்த்த முடியாது என்றாலும் எங்கள் பட்டறை வளையத்தைப் பார்த்துவிட்டு, அதேபோல இரண்டைச் செய்து கம்பித் தடுப்பில் மாட்டிக்கொண்டார்கள். அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். அதைக் கண்டு எனக்குப் பேராசை பிடித்தது. ஜூலை முதல் ஞாயிறு காலையில் இன்னொருவரிடம் தனிப் பயிற்சிக்குச் சேர்த்தேன். செவ்வாய், வெள்ளி மாலைகளில் மாடியில் நானே கயிறு தாண்ட வைத்தேன். அவள் கேட்கவில்லை. நான்தான் சேர்த்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் பத்தடி நுனிக்காலில் நடந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு பள்ளியிலிருந்து வரும்போதும் அப்படியே வந்தாள். குதிகாலை இரு பக்கமும் விரலால் அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டாள். எலும்பு மருத்துவர் படம்கூட எடுக்கவில்லை. வளரும் பிள்ளைகளின் குதிகால் எலும்பில் ஒரு வளர்தட்டு இருக்கிறது, பின்கால் நரம்பு அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது, எலும்பு வேகமாக வளரும் பருவத்தில் சிமென்ட் தரையில் ஓயாமல் குதித்தால் அது நோகும் என்றார். சீவர் நோய் என்று பெயர் சொன்னார். நோய் என்று பயப்பட வேண்டாம், வளர்ந்தால் போய்விடும், ஆனால் வலி நிற்கும்வரை குதிக்கக் கூடாது என்றார். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் இதேபோல வரும் வலிக்கு ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயராம். அது பெரும்பாலும் இன்னும் இரண்டு மூன்று வயது கூடியபின் வருமாம். ‘பின்கால் நரம்பு’ என்று நான் எழுதியது தவறு, அது தசைநாண். எங்கள் வீட்டில் எல்லா வலிக்கும் நரம்பு என்றே சொல்லிப் பழக்கம்.

“வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி?” என்று கேட்டார். மகள் விரல்விட்டு எண்ணி ஆறு என்றாள். மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார்.

ஐந்து வாரம் ஓய்வு, காலணிக்குள் ஒரு மெத்தை, கெண்டைக்காலுக்கு நீட்டும் பயிற்சி. ஞாயிறு வகுப்பை நிறுத்திவிட்டேன். கயிற்றைக் கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டிருக்கிறாள் மனைவி, வேண்டுமென்றே என் கண்ணில் படும் இடத்தில்.

30 செப்டம்பர் 2024

ஆறாவது இடம், ஏழாவது இடம் என்று தேடாதீர்கள் என்று நேற்றைய பதிவுக்கு ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். சரி.

12 ஜனவரி 2025

வடவள்ளி வாசகியிடமிருந்து நெடுநாள் கழித்துச் செய்தி. எட்டுப் பேர் சேரவில்லை, ஆறு பேர்தான். ஆசிரியர் அதற்கே ஒப்புக்கொண்டாராம். மகன் இன்னும் வரிசையில் நிற்பதே இல்லையாம், அதுவே அவனுக்குப் பிடித்திருக்கிறதாம். ஆனால் ஒரு புகார்: ஏழு மாதமாகியும் லே-அப்பில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று குழம்புகிறான், ஆசிரியர் அதைத் திருத்துவதே இல்லை, விட்டுவிடுகிறார், சரிதானா?

வலது கையால் போடும்போது வலது கால், இடது கால், மேலே. என் மகளுக்கு அது ஒன்றரை ஆண்டு பிடித்தது. இப்போதும் அவசரத்தில் மாற்றி வைக்கிறாள், பந்து விழவும் செய்கிறது. தரையில் சுண்ணாம்பால் இரண்டு பாதம் வரைந்து, பந்தே இல்லாமல் நடந்து போகச் சொல்லிப் பார்க்கலாம்; நடையில் வந்தால்தான் ஓட்டத்தில் வரும். ஆசிரியர் விட்டுவிடுவது கவனக்குறைவா, பொறுமையா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. ஆறு பேரில் ஒவ்வொருவரிடமும் ஒரு மாலைக்கு ஒரே ஒரு தவறை மட்டும் திருத்துபவராக இருந்தால், அவர் விட்டுவிடுவதில் எனக்குப் பயமில்லை. அதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குதிகால் சரியாகிவிட்டது. நவம்பரில் மகள் வளையத்தை உயர்த்தச் சொன்னாள். எட்டேகால் அடிக்கு ஏற்றினோம், பழைய நான்கு துளைகளும் சுவரில் அப்படியே தெரிகின்றன. பொங்கல் கழித்து வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குடியிருப்பில் பிள்ளைகள் மூவருக்கு மூவர் ஆடுகிறார்கள். ஒரு பிள்ளை குறைகிறது. உங்கள் மகனை அழைத்து வாருங்கள். 5ஆம் எண் பந்து இரண்டு இருக்கிறது. காற்றடிக்கும் ஊசி மட்டும் உடைந்துவிட்டது, உங்களிடம் இருந்தால் எடுத்து வாருங்கள்.